கப்பல் கேபினின் குளிரும் கைத்துண்டும்

எங்கள் கப்பல் பயணத்தின் முதல் இரவு குளிரிலேயே கழிந்தது. கட்டிலுக்கு எதிர்ச்சுவரில், தொலைக்காட்சிக்கு ஓரமாக, எண்கள் எதுவும் இல்லாமல் ஒரு பக்கம் நீலக் கோடும் மறுபக்கம் சிவப்புக் கோடும் மட்டும் வரைந்த ஒரு குமிழ் இருந்தது. அதைச் சிவப்புப் பக்கம் கொஞ்சம் திருப்பிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருந்தோம். மாற்றம் எதுவும் தெரியவில்லை. மேலும் திருப்பினோம். கடைசிவரை திருப்பிய பிறகும், கூரையிலிருந்த வட்டமான காற்றுத் துவாரத்திலிருந்து இறங்கிய காற்று சில்லென்றுதான் இருந்தது. பயணப் பையில் நான் எப்போதும் வைத்திருக்கும் சிறிய வெப்பமானி (என் மனைவிக்கு அது தீராத கேலிப்பொருள்) 19 டிகிரி காட்டியது. பொறுமையிழந்து நாற்காலியில் ஏறி, குளியலறையிலிருந்த கைத்துண்டை அந்தத் துவாரத்தின் இடுக்கில் திணித்து அடைத்தேன். வெளியே கடற்காற்று வெதுவெதுப்பாக இருந்ததால் பால்கனிக் கதவையும் ஒரு சாண் அளவு திறந்து வைத்துவிட்டுப் படுத்தோம். நள்ளிரவு தாண்டியபின் என் மனைவியின் நெற்றியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

காலையில் வந்த ஏசி பணியாளர் துண்டை அண்ணாந்து பார்த்தார், சிரிக்கவில்லை. நிறையத் துண்டுகளைப் பார்த்தவராக இருக்க வேண்டும். கூரைப் பலகை ஒன்றைக் கழற்றி, உள்ளே ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, நடந்தது என்னவென்று விளக்கினார்.

வீட்டு ஏசியைப் போல ஒவ்வொரு கேபினுக்கும் தனியாகக் குளிரூட்டும் இயந்திரம் கிடையாது. கப்பலின் அடித்தளத்தில் உள்ள பெரிய சில்லர்கள் தண்ணீரை ஏறத்தாழ 6 அல்லது 7 டிகிரி வரை குளிர்வித்து, அதைக் குழாய்கள் வழியாக மேல்தளங்களில் உள்ள காற்றூட்டும் அறைகளுக்கு அனுப்புகின்றன. அங்கே வெளிக்காற்று அந்தக் குளிர்ந்த குழாய்ச் சுருள்களின் மேல் வீசப்பட்டு, குளிர்வதோடு தன் ஈரத்தையும் இழந்து, ஒரே பாதையில் பல கேபின்களுக்குப் பிரிந்து செல்கிறது. கடற்காற்றில் உள்ள ஈரத்தைப் பிழிந்தெடுக்க வேண்டுமென்றால், மனிதருக்குத் தேவையான அளவைவிட அதிகமாகக் காற்றைக் குளிர்விக்காமல் முடியாது. ஆகவே கேபின் கூரைக்கு வந்து சேரும்போது அது மிகவும் குளிராகவே இருக்கும். எங்கள் கேபினைப் போன்ற அமைப்பில், கூரைக்குள் இருக்கும் சிறிய மின்சூடேற்றிதான் அதைப் பதமாக்கி உள்ளே விடுகிறது. குமிழைத் திருப்பும்போது நாம் ஆணையிடுவது அந்தச் சூடேற்றிக்கு மட்டுமே. கீழே இருக்கும் சில்லருக்கு நாம் ஒருவர் இருப்பதே தெரியாது. புதிய கப்பல்கள் பலவற்றில் கேபினுக்கென்றே ஒரு விசிறியும் குளிர்நீர்ச் சுருளும் இருப்பதால் கட்டுப்பாடு இன்னும் நன்றாக இருக்கும். ஆனாலும் ஐந்து நிமிடத்தில் பலனை எதிர்பார்க்கக் கூடாது. சுவரும் மெத்தையும் சூடேற முக்கால் மணி நேரமாவது ஆகும்.

என் துண்டு செய்த வேலை இங்கேதான் வருகிறது. காற்றோட்டம் குறைந்தால் சூடேற்றி அளவுக்கு மீறிச் சூடாகித் தீப்பிடிக்காமலிருக்க ஒரு பாதுகாப்பு விசை அதை அணைத்துவிடும். குளிரைத் தடுக்க நான் துவாரத்தை அடைத்தேன். அடைத்ததால் சூடேற்றி நின்றது. துண்டின் இடுக்குகள் வழியாக இரவெல்லாம் கசிந்தது சூடேறாத குளிர்காற்று. அவர் அழுத்திய பொத்தான், விழுந்த அந்த விசையை மீண்டும் ஏற்றுவதற்கானது.

நெற்றியில் விழுந்த சொட்டுக்குக் காரணம் பால்கனிக் கதவு. 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, 26 டிகிரிக்குக் குறைவான எந்தப் பரப்பைத் தொட்டாலும் அதில் நீர் கோத்துக்கொள்ளும். எங்கள் தலைக்கு மேலிருந்த உலோக வளையமோ அதைவிட எவ்வளவோ குளிர்ந்திருந்தது. சில கப்பல்களில் பால்கனிக் கதவைத் திறந்தவுடன் குளிரூட்டலை நிறுத்திவிடும் உணரி உண்டு. எங்கள் கப்பலில் அது இல்லை. கதவைத் திறக்க ஆசைப்பட்டால் சிறிது நேரம் திறந்து, கடலைப் பார்த்துவிட்டு, மறுபடி மூடிவிடுவதே நல்லது.

பிறகு அவர் ஒரு மெல்லிய காகிதத் தாளை எடுத்துக் குளியலறைக் கூரையில் இருந்த சல்லடையருகே பிடித்தார். அது சட்டென்று போய் ஒட்டிக்கொண்டது. கேபினுக்குள் வரும் காற்று வெளியேறும் வழி அதுதான்; குளியலறைக் கதவின் அடியில் இடைவெளி விட்டிருப்பதும் இதற்காகவே. தாள் ஒட்டாமல் விழுந்தால் வெளியேற்றம் சரியில்லை என்று பொருள். அப்படிப்பட்ட கேபினில் குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் புழுக்கம் தீராது.

கப்பல்களின் குளிரூட்டலுக்கென்று ஐ.எஸ்.ஓ. 7547 என்ற பன்னாட்டுத் தரநிலை ஒன்று உண்டு. வெளியே 35 டிகிரியும் 70 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கும் கோடையில் உள்ளே 27 டிகிரி. வெளியே உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியாக இருக்கும் குளிர்காலத்தில் உள்ளே 22 டிகிரி. ஒருவருக்கு நொடிக்குக் குறைந்தது 8 லிட்டர் வெளிக்காற்று என்பது அதன் கணக்கு. கோடைக்குச் சொல்லப்பட்ட அந்த 27 டிகிரி, போர்வைக்குள் சுருண்டு தூங்க விரும்புகிறவர்களுக்குப் போதாது என்பது என் எண்ணம்.

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே, அல்லது இயந்திரப் புகைபோக்கித் தண்டின் அருகே அமைந்த கேபின்கள் இயல்பிலேயே சூடானவை. வெளியே போகும்போது கனமான திரையை இழுத்து மூடுவது பெரிதும் உதவும். சாவி அட்டையைச் சுவரிலுள்ள இடுக்கில் செருகினால்தான் ஏசி முழுமையாக இயங்கும் கப்பல்களில், அட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டு, திரும்பியதும் புழுங்குகிறதே என்று வியப்பதில் பயனில்லை. சிறிய மின்கல விசிறியைப் பெரும்பாலும் அனுமதிக்கிறார்கள். சூடேற்றிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் இடமில்லை, தீ பற்றிய அச்சம் கப்பலில் அப்படி.

துவாரத்தின் நடுவில் இருக்கும் வட்டத் தகட்டைக் கையால் திருகினால் காற்றின் அளவு குறையும், கூடும் என்பதையும் அவர் காட்டிவிட்டே போனார். அன்று மாலை குமிழை நடுவில் வைத்து, தகட்டை அரைச் சுற்று மட்டும் திருகிவிட்டு இரவு உணவுக்குப் போனோம். திரும்பி வந்தபோது வெப்பமானி 23 டிகிரி காட்டியது. குளியலறைக் கொக்கியில் மாட்டியிருந்த கைத்துண்டு அப்பளம்போல் மொடமொடவென்று காய்ந்திருந்தது.