மாடி ஏறாத மாதச் சாமான்

மும்பையில் நுகர்பொருள் விற்பனையில் எனக்குப் பதினெட்டு வருடம் ஆகிறது. பாதிக்கு மேல் ‘மாடர்ன் டிரேட்’ பக்கம்தான் ஓடியது. பெரிய கடைகளுக்குச் சரக்கு கொடுப்பது, ஆர்டர் வாங்குவது, பணம் வசூலிப்பது. குறைந்த விலைக்குப் பேர்போன டிமார்ட் சூப்பர்மார்க்கெட் என் பொறுப்புக்கு வந்த மாதம் முதலில் என் கண்ணில் பட்டது பணம் வந்த தேதி.

அதற்கு முன் நான் பார்த்த ஒரு செயினில் (பெயர் வேண்டாம்) 60 நாள் கடன் என்று ஒப்பந்தம் இருக்கும். 100 நாளானாலும் பணம் வராது. மாதக் கடைசியில் அவர்கள் அலுவலக வரவேற்பறையில் பல மதியங்கள் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு குஜராத்தி சேட். “உங்க கம்பெனிக்கு நான் முன்னாடியே பணம் கட்டிச் சரக்கு எடுக்கிறேன். அவங்க மூணு மாசம் கழிச்சுத் தர்றாங்க. நடுவில் வட்டியை யார் கட்டுறது பாய்?” என்பார். என்னிடம் பதில் இருக்காது.

டிமார்ட் பத்து நாளுக்குள் கணக்கை முடித்துவிடும். சேட்டின் முகமே மாறிப்போனது. கையில் பணம் சீக்கிரம் வருகிறது என்றால் இரண்டு சதவீதம் கூடுதலாகக் கழித்துக் கொடுக்க யாருக்கும் மனம் வரும். சரக்குத் தட்டுப்பாடு உள்ள வாரத்தில் லாரி முதலில் எங்கே போகும் என்றும் சொல்லத் தேவையில்லை. எம்.ஆர்.பி.யில் அவர்கள் கழிக்கும் ஐந்து ரூபாய், எட்டு ரூபாய் இங்கேதான் பிறக்கிறது. வாடிக்கையாளர் கண்ணுக்கு இது தெரியாது. நான் இந்த வேலையில் கற்றவற்றில் பெரியது இதுதான்.

இன்னொன்று கட்டடம். 2002-இல் மும்பை பவாயில் டிமார்ட்டின் முதல் கடையைத் திறந்த ராதாகிஷன் தமானி, கூடியவரை இடத்தைச் சொந்தமாக வாங்கியே கடை வைத்தார். அதனால் மெதுவாகத்தான் வளர முடிந்தது. வாடகைக் கட்டடங்களில் வேகமாகப் பரவிய பிக் பஜாரின் கதை நமக்குத் தெரியும். வாடகை கட்ட முடியாமல் 2022-இல் அதன் கடைகள் ரிலையன்ஸ் கைக்குப் போயின. அந்த வாரங்களில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பாக்கித் தொகையைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

சரி, இவ்வளவு உறுதியான கடையை, பத்து நிமிடத்தில் சாமானை வீட்டுக்குக் கொண்டுவரும் ஆப்கள் என்ன செய்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். விலையில் பிளிங்கிட்டோ ஜெப்டோவோ நெருங்க முடியாது என்று கூட்டங்களில் அட்டவணை போட்டுக் காட்டியிருக்கிறேன். அட்டவணை சரி. நான் பார்க்கத் தவறியது மும்பை செம்பூரில் எங்கள் வீட்டிலேயே நடந்தது.

அம்மா மாதத்தின் முதல் ஞாயிறு டிமார்ட் போவார். பருப்பு, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் கீழ்த்தளத்தில் முடியும். அப்புறம் மாடிக்கு ஏறுவார். ஒரு டப்பா, இரண்டு துண்டு, பேரனுக்கு ஒரு பனியன். லிஸ்டில் எதுவுமே இருக்காது. ஒரு மாதம் அவர் கிளம்பவில்லை. “என்னம்மா, போகலையா?” என்றேன். “எதுக்குடா, வேணுங்கிறது அப்பப்போ வந்துடுதே” என்றார்.

மளிகையில் மார்ஜின் மெலிசு. துணி, பாத்திரம், பிளாஸ்டிக்கில்தான் கொஞ்சம் நிற்கும். டிமார்ட் விற்பனையில் கால் பங்குக்கும் சற்றுக் குறைவு அது. ஆப் அம்மாவிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒரு கிலோ பருப்பை மட்டுமா? அந்த மாடிப்படி ஏற்றத்தையும் சேர்த்துத்தான்.

2024 அக்டோபரில் காலாண்டு முடிவை வெளியிட்டபோது, பெருநகரங்களில் அதிகம் விற்கும் கடைகளில் ஆன்லைன் மளிகையின் பாதிப்பு தெரிகிறது என்று நிறுவனமே சொன்னது. இரண்டு வருடம் தாண்டிய கடைகளின் விற்பனை வளர்ச்சி 5.5 சதவீதம்தான். அடுத்த வர்த்தக நாளில் பங்கு 8 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. எங்கள் அலுவலகத்தில் பலர் அன்றே டிமார்ட்டின் கதையை முடித்துப் பேசினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, இன்றும் இல்லை.

டிமார்ட் ரெடி என்று வீட்டுக்கு அனுப்பும் சேவை அவர்களுக்கும் உண்டு. நஷ்டத்தில்தான் ஓடுகிறது. ஆனால் பத்து நிமிட ஓட்டத்தில் அவர்கள் இறங்கவில்லை. இறங்காதது சரி என்றே நினைக்கிறேன். சராசரி 40,000 சதுர அடிக்கு மேல் உள்ள கடையில் ஐந்து லிட்டர் எண்ணெய் கேனை அடுக்கிவைத்து விற்கலாம். ஆப் ஆர்டர்களுக்கு மட்டும் சரக்கு வைக்கும் சில ஆயிரம் சதுர அடி ‘டார்க் ஸ்டோரில்’ அந்த இடத்துக்கு இருபது சின்னப் பொருள் வந்துவிடும். நிறையப் பேர் நிறைய வாங்கினால்தான் பத்து நாளில் பணம் தர முடியும், பணம் தந்தால்தான் விலை குறையும். அந்தச் சக்கரத்தை நிறுத்திவிட்டு ஸ்கூட்டரில் ஏறினால் கையில் எதுவும் மிஞ்சாது. 2025 மார்ச்சில் முடிந்த ஆண்டில் 50 கடைகளைப் புதிதாகத் திறந்தார்கள், மொத்தம் 415. சின்ன ஊர்களில் அந்தக் கடைகளுக்கு இன்னும் வேலை நிறைய இருக்கிறது. செம்பூர் மாதிரி இடங்களில் மாடிக்கு ஆளை எப்படி வரவைப்பது என்பதுதான் பாடு, அதற்கு அவர்களிடம் இன்னும் வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இப்போது எங்கள் டீமில் ஆப்களைப் பார்க்க ஒரு தம்பி சேர்ந்திருக்கிறான். போன வாரம் அடுத்த ஆண்டுக்கான பேக் அளவுகளைப் பேச உட்கார்ந்தோம். அவன் 100 கிராம் கேட்டான், நான் இரண்டு கிலோ கேட்டேன். ஃபேக்டரியில் அதற்கு இருப்பது ஒரே பேக்கிங் லைன்.