கில்டேரில் ஒரு கோரைச் சிலுவை

டப்ளினிலிருந்து கில்டேருக்கு ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. நாங்கள் போய் இறங்கியது ஜனவரி 31. விரல் விறைக்கும் குளிர். ஆனால் அயர்லாந்துக்காரர்களின் கணக்கில் மறுநாள் வசந்தம் பிறக்கிறது. பிப்ரவரி 1, பழங்காலத்தில் அங்கே வாழ்ந்த கெல்டியர்களின் இம்போல்க் திருநாள். சினை ஆடுகள் மடிவிடும் காலம். கிறித்தவம் வந்த பின் அதே நாள் அந்நாட்டுப் பெண் துறவியான புனித பிரிஜிட்டுக்கு உரியதாயிற்று. 2023 முதல் இதையொட்டி அரசு விடுமுறையும் உண்டு.

பிரிஜிட் மடம் அமைத்த ஊர் கில்டேர். அங்கே 19 கன்னியர் முறைவைத்து ஒரு நெருப்பை அணையாமல் காத்தார்கள், 20ஆம் இரவு பிரிஜிட்டே வந்து காப்பாள் என்று 12ஆம் நூற்றாண்டுக் குறிப்பு சொல்கிறது. பின்னாளில் அணைந்துபோன அந்தச் சுடரை 1993இல் ஊர்ச் சதுக்கத்தில் மறுபடி ஏற்றினார்கள்.

சரி, நாங்கள் போனது பிரிஜிட் திருநாளுக்காகக் கோரையில் பின்னும் சிலுவையைப் பின்னக் கற்க. ஒரு கூடத்தில் நீள மேசை, அதன்மேல் பச்சைக் கோரை குவியலாக. ஈர வயல் வாசனை அறை முழுக்க. கோரையை அறுக்கக் கூடாது, கையால்தான் பிடுங்க வேண்டும் என்றார் கற்றுக்கொடுத்த பாட்டி. ஒரு தண்டை நேராகப் பிடித்து, இன்னொன்றை இரண்டாக மடித்து அதன் நடுவில் மாட்ட வேண்டும். கால்வட்டம் திருப்பி அடுத்ததை மாட்ட வேண்டும். மறுபடி திருப்பு, மறுபடி மாட்டு. நடுவில் மெல்ல ஒரு சதுரம் வளரும். கட்டைவிரல் கொஞ்சம் தளர்ந்தாலும் எல்லாம் சரிந்துவிடும். எட்டு வயது மகளுக்கு இரண்டு முறை சரிந்தது. மூன்றாவது முறை நான் நடுவைப் பிடித்துக்கொள்ள, அவள் மடித்தாள், அவள் அப்பா நான்கு முனைகளையும் நூலால் கட்டினார். மூவரும் ஒரே பொருளைப் பிடித்துக்கொண்டு அப்படி உட்கார்ந்து வெகு நாளாகியிருந்தது.

அன்று இரவு, மகளின் கழுத்துத் துணியை விடுதி வேலியில் போட்டுவைத்தோம். பிரிஜிட் அவ்வழியே போகும்போது அதைத் தொட்டு ஆசீர்வதிப்பாள், வருடம் முழுக்கத் தலைவலிக்கு அதைக் கட்டிக்கொள்ளலாம் என்பது இங்குள்ள நம்பிக்கை. விடிந்ததும் மகள் செருப்புகூடப் போடாமல் ஓடினாள். துணி உறைபனியில் அட்டைபோல விறைத்திருந்தது. அதை மடிக்க முடியாமல் இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தாள்.

சிலுவை இப்போது எங்கள் வாசற்கதவுக்கு மேலே, நெருப்பிலிருந்து வீட்டைக் காக்க. பச்சை போய் வைக்கோல் நிறம் வந்துவிட்டது. அடுத்த ஜனவரியில் புதிது பின்னியதும் பழையதை எரித்துவிடும் வழக்கம் உண்டு. கூரைக்கடியில் வருடா வருடம் சேர்த்துவைக்கும் வீடுகளும் உண்டு. மகள் இரண்டாவதைத்தான் செய்ய வேண்டும் என்கிறாள்.