லைசென்ஸ் தேதியும் அப்பாவின் கண்ணும்

போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய லைசென்ஸ் முடிந்து மூன்று மாதம் ஆகிவிட்டது என்பது பேச்சுவாக்கில் தெரிந்தது. முடிந்த பிறகும் தினமும் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய் வந்துகொண்டுதான் இருக்கிறார். கேட்டால், "அதுக்கென்ன கண்ணு, ஒரு வருசம் டைம் குடுத்திருக்காங்கல்ல, மெதுவாப் பண்ணிக்கலாம்" என்கிறார். 2023இல் என் அப்பாவும் இதே வார்த்தையைத்தான் சொன்னார். எங்கள் சொந்தத்தில் மட்டும் இன்னும் நாலைந்து பேர் இப்படி நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றுகிறது, அதனால் எனக்குத் தெரிந்ததை, நாங்கள் பட்டதை, அப்படியே எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்த "ஒரு வருஷம்". அது புதுப்பிப்பதற்கான அவகாசம். வண்டி ஓட்டுவதற்கான அவகாசம் இல்லை. முன்பெல்லாம் லைசென்ஸ் முடிந்த பிறகும் 30 நாள் செல்லும் என்று சட்டத்திலேயே இருந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது அந்த 30 நாளை எடுத்துவிட்டார்கள். இப்போது கார்டில் என்ன தேதி போட்டிருக்கிறதோ அன்றோடு சரி, மறுநாள் காலையில் நீங்கள் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுகிறவர். அதே திருத்தத்தில்தான் முடிவதற்கு ஒரு வருடம் முன்னாலிருந்து முடிந்த பின் ஒரு வருடம் வரை எப்போது வேண்டுமானாலும் புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம் என்றும் கொண்டுவந்தார்கள். இந்த இரண்டும் சேர்ந்துதான் குழப்பம். ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் டெஸ்ட் கிடையாது, தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்டித் தேற வேண்டும், அவ்வளவுதான் அந்த ஒரு வருடத்தின் பொருள். இதற்கு முன் அது ஐந்து வருடமாக இருந்தது என்பதால் பெரியவர்களுக்கு இன்னும் பழைய நினைப்பு. கொரோனா சமயத்தில் 2020 பிப்ரவரியிலிருந்து முடிந்த லைசென்ஸ் எல்லாம் 2021 அக்டோபர் கடைசி வரை செல்லும் என்று நீட்டித்துக்கொண்டே போனார்கள் இல்லையா, அதுவும் "எப்படியும் டைம் குடுப்பாங்க" என்ற எண்ணத்தை வளர்த்துவிட்டது.

அபராதம் 5,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து இந்த உயர்ந்த தொகைதான். ஆனால் எனக்குப் பயம் அபராதத்தைப் பற்றி இல்லை. செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாத நேரத்தில் யார் மீதாவது வண்டி பட்டுவிட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு அதை வண்டிக்காரரிடமே திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று நீதிமன்றங்கள் எத்தனையோ வழக்கில் சொல்லியிருக்கின்றன. நம் வண்டிக்கு ஆன சேதத்துக்கும் கிளெய்ம் தள்ளுபடி ஆகும். ஒரு தேதியைப் பார்க்காததற்காகத் தோட்டத்தை விற்கிற நிலைமை ஒருவருக்கும் வரக்கூடாது.

சரி, அப்பா கதைக்கு வருகிறேன்.

அப்பா 1958இல் பிறந்தவர், 1991இல் லைசென்ஸ் எடுத்தார், அப்போது புத்தக லைசென்ஸ்தான்.  2008இல் ஐம்பது ஆனதும் புதுப்பித்தார், அப்புறம் ஐந்தைந்து வருடமாக 2013, 2018. அடுத்தது 2023 மார்ச். அந்த மார்ச் எங்கள் வீட்டில் ஒருவர் கவனத்துக்கும் வராமல் போய்விட்டது. ஜூன் மாதம் கார் இன்சூரன்ஸ் கட்டும்போது எதற்கும் இருக்கட்டும் என்று அவர் பர்ஸிலிருந்து கார்டை எடுத்துப் பார்த்தேன். ஓரம் வெளுத்துப்போயிருந்தது, தேதி மட்டும் தெளிவாக இருந்தது. மூன்று மாதமாக அவர் அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குக் கை கால் எல்லாம் சில்லிட்டுவிட்டது. அன்றே சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன். அவருக்குக் கோபம்தான், இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் புதுப்பிக்கும்போது டாக்டர் சான்றிதழ் வேண்டும். படிவம் 1ஏ என்று பெயர். நாற்பதுக்குக் கீழே என்றால், சொந்த உபயோக வண்டிக்கு, நான் ஆரோக்கியமாக இருக்கிறேன் என்று நாமே எழுதிக் கொடுக்கும் படிவம் 1 போதும். ஆட்டோ, டாக்ஸி, லாரி மாதிரி டிரான்ஸ்போர்ட் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு எந்த வயதானாலும் 1ஏ கட்டாயம்.

இந்த 1ஏ விஷயத்தில்தான் எனக்கு ஆதங்கம். ஆர்டிஓ அலுவலகத்துக்கு வெளியே ஒரு ஜெராக்ஸ் கடையில் விசாரித்தபோது மொத்தமாக 3,500 ரூபாய் கேட்டார்கள், "மெடிக்கல் நாங்களே போட்டுக்கறோம்மா, அப்பா வரவே வேண்டாம், போட்டோ மட்டும் குடுங்க" என்றார் அந்த ஆள். சீல் குத்தி, கையெழுத்துப் போட்ட காலிப் படிவம் கட்டாக அவர் டிராயரிலேயே இருந்தது. அப்பாவுக்கு அது வசதியாகத்தான் பட்டது. எனக்கு மனசு வரவில்லை, எங்கள் குடும்பத்துக்கு வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமே கூட்டிப்போனேன்.

அவர் படிவத்தை முழுசாகப் படித்தார். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் இருக்கிற காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்று ஒரு கேள்வி அதில் இருக்கிறது, கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியோடு படித்தால் போதும். சிவப்பு, பச்சை பிரித்துத் தெரிகிறதா, ஹாரன் சத்தம் கேட்கிறதா, மாலைக்கண் இருக்கிறதா என்பதும் உண்டு. டாக்டர் எழுந்து அப்பாவை கிளினிக் வாசலுக்கே அழைத்துக்கொண்டு போனார். எதிர் வரிசையில், மருந்துக் கடையைத் தாண்டி ஒரு வெள்ளை கார் நின்றுகொண்டிருந்தது. "அய்யா, அந்த நம்பரைப் படிங்க பார்க்கலாம்." அப்பா கண்ணாடியை ஒருமுறை கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். டிஎன் என்றார். அப்புறம் கண்ணைச் சுருக்கினார். 37 என்றார், அது 39. கடைசி நாலு எண்ணில் எட்டை மூன்று என்றார், இன்னொன்றைச் சொல்லவே இல்லை. வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது, நான் பக்கத்தில் நின்று ஒரு தடங்கலும் இல்லாமல் அதைப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை, வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் நன்றாக முற்றியிருந்தது. ராத்திரியில் எதிரே வரும் லைட் "பூவா விரிஞ்சு தெரியுது" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம், அம்மாதான் பிற்பாடு சொன்னாள். எங்களில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த ஜெராக்ஸ் கடைப் படிவத்தில் "பார்வை சரி" என்று ஏற்கெனவே டிக் அடித்திருந்தது. அதை வாங்கியிருந்தால் அப்பாவுக்கு 2028 வரை லைசென்ஸ் கிடைத்திருக்கும், கண்ணும் அப்படியேதான் இருந்திருக்கும், அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. தயவு செய்து அந்தக் காலிப் படிவத்தை வாங்காதீர்கள். நம் அப்பா அம்மாவுக்காக மட்டும் இல்லை, எதிரே சைக்கிளில் வருகிற பிள்ளைக்காகவும்தான்.

ஜூலையில் வலது கண்ணுக்கு ஆபரேஷன், அதற்குப் பிறகு சில வாரம் கழித்து இடது கண், புதுக் கண்ணாடி. செப்டம்பரில் மறுபடி அதே டாக்டர், அதே வாசல். இந்த முறை கடகடவென்று படித்தார். மார்ச்சில் முடிந்த லைசென்ஸுக்குச் செப்டம்பரில் விண்ணப்பித்தோம், ஒரு வருடத்துக்குள் என்பதால் டெஸ்ட் இல்லை. இதற்குத்தான் அந்த ஒரு வருட அவகாசம் உண்மையில் உதவுகிறது. உடம்பு சரியில்லாதவர், ஊரில் இல்லாதவர் அவசரப்படாமல் செய்துகொள்ளலாம், அதுவரை சாவி ஆணியில் தொங்கட்டும்.

விண்ணப்பம் எல்லாம் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் சாரதி என்ற பகுதியில். லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் போட்டால் விவரம் வந்துவிடும். பழைய புத்தகத்தில் எண் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள், தளத்தில் மாநிலம், அலுவலக எண், வருடம், அப்புறம் ஏழு இலக்கம் என்று போட வேண்டும், எண் சிறியதாக இருந்தால் முன்னால் பூஜ்யங்களைச் சேர்த்து ஏழாக்கிக்கொள்ளுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் உங்கள் புத்தகம் கணினியில் ஏறவே இல்லை என்று பொருள், லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்துக்குப் போய் ஏற்றச் சொல்ல வேண்டும். இதைத் தேதி முடிவதற்கு முன்பே பார்த்துக்கொள்வது ரொம்ப முக்கியம்.

ஆதார் வழியாகப் போனால் அலுவலகத்துக்கே போகாமல் முடியும் என்று 2021இல் கொண்டுவந்தார்கள், நல்ல விஷயம். ஆனால் எங்களுக்கு அது ஒத்துவரவில்லை. லைசென்ஸில் அப்பாவின் இனிஷியல் பெயருக்கு முன்னால், ஆதாரில் பின்னால். அதுகூடப் பரவாயில்லை, ஆதாரில் பிறந்த நாள் இல்லை, வெறும் வருடம் மட்டும். அந்தத் தலைமுறையில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். அதனால் ஆதார் இல்லாத வழியில் விண்ணப்பித்து, பள்ளிக்கூட டிசியை ஸ்கேன் செய்து ஏற்றி, நாள் குறித்து நேரில் போனோம். போட்டோ, கையெழுத்து எடுக்கப் பத்து நிமிடம், காத்திருந்தது ஒரு காலைப் பொழுது. அசல் எல்லாவற்றையும் கையில் கொண்டு போங்கள், பழைய கார்டு உட்பட. மத்திய விதிப்படி நேரத்தில் புதுப்பித்தால் கட்டணம் 200, கார்டுக்கு 200. காலம் கடந்தால் 300, அதன்மேல் தாமதிக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் ஆயிரம் கூடுதல். மாநிலத்தின் சேவைக் கட்டணம் தனியாக வரும். எங்களுக்கு எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் 3,500 வராது.

தம்பி பெங்களூரில் இருக்கிறான். அவன் கேட்டது வேறு: "அக்கா, இங்க வந்து மூணு வருசமாச்சு, லைசென்ஸை மாத்தணுமா?" மாற்றாவிட்டால் ஓட்டக் கூடாது என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். இந்தியாவில் எந்த மாநிலத்தில் எடுத்த லைசென்ஸும் எல்லா மாநிலத்திலும் செல்லும். ஒரு வருடத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் இருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும், என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்க வேண்டும் என்பதெல்லாம் வண்டியின் ஆர்சிக்கு, லைசென்ஸுக்கு இல்லை. வீடு மாறினால் முகவரி மாற்றம் செய்துகொள்ளலாம், புது ஊர் எந்த மாநிலமோ அதைத் தேர்ந்தெடுத்து சாரதியிலேயே விண்ணப்பிக்கலாம். புதுப்பிப்பதையும் எந்த ஊர் அலுவலகத்திலும் செய்யலாம், முதலில் எடுத்த ஊருக்கே வர வேண்டியதில்லை. இதற்காக ரயில் டிக்கெட் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

டாடா ஏஸ் ஓட்டுகிற மாமா மாதிரி ஆட்கள் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் இருந்தால் அதில் இரண்டு தேதி இருக்கும், என்டி (NT) என்று ஒன்று, டிஆர் (TR) என்று ஒன்று. என்டி என்பது சொந்த உபயோக வண்டிக்கு. டிஆர் என்பதுதான் டிரான்ஸ்போர்ட், அது ஐந்து வருடம் மட்டுமே. மற்ற தேதியைப் பார்த்துவிட்டு இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். 7,500 கிலோவுக்குள் இருக்கிற சரக்கு வண்டியைச் சாதாரண கார் லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்துவிட்டது, மாமாவுக்கு அது பெரிய நிம்மதி.

சொந்த வண்டி லைசென்ஸ் எத்தனை வருடத்துக்குக் கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 30 வயதுக்குள் எடுத்தால் அல்லது புதுப்பித்தால் 40 வயது வரை. 30இலிருந்து 50க்குள் என்றால் பத்து வருடம். 50இலிருந்து 55க்குள் என்றால் 60 வயது வரை. 55க்கு மேல் ஐந்தைந்து வருடம். நினைவூட்டி எஸ்எம்எஸ் வரும் என்று இருந்துவிடாதீர்கள், அப்பாவின் லைசென்ஸில் இருந்தது எப்போதோ தொலைந்துபோன சிம் எண். அப்பா அம்மா ஊரில், நீங்கள் வெளியூரில் என்றால், லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் போனில் கேட்டு வாங்கி அதே தளத்தில் தேதியைப் பார்த்துவிடலாம், இரண்டு நிமிட வேலை.

பெரியப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிட்டேன். அவர் வழக்கம்போல "பார்க்கலாம் கண்ணு" என்றார். அப்பாதான் அவரைக் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போனார். தெருமுனையில் பால் வண்டி நின்றது. "அண்ணா, அந்த நம்பரைப் படிங்க" என்றார். பெரியப்பா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். நாளை மறுநாள் கண் டாக்டரிடம் போகிறோம், அதுவரை தோட்டத்துக்கு அண்ணன் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு.