தூர் வாருறதுக்கு முன்னாடி அந்தச் சேத்துல கொஞ்சம் எடுத்து வைங்க

கண்டி வாவிய பத்தியோ நுவரெலியா கிரகரி வாவிய பத்தியோ பேச்சு வந்தா சேறு நிறைஞ்சு போச்சு, தூர் வாரணும்னுதான் எல்லாரும் சொல்றாங்க. வாரத்தான் வேணும், வேணாங்கல. ஆனா அதுக்கு முன்னாடி ஆழமான நாலு இடத்துல குழாய் இறக்கி, அடுக்கு கலையாம அந்தச் சேத்த எடுத்து வைங்கன்னு கெஞ்சிக் கேக்கணும் போல இருக்கு.

ஒவ்வொரு மழைக்கும் மலையில இருந்து கழுவிட்டு வர்ற மண்ணு அடியில போய் படியுது, பழசு கீழ, புதுசு மேல. ஈயம், செம்பு, நாகம் (துத்தநாகம்) எல்லாம் களிமண்ணோட ஒட்டிக்கிட்டு சேர்ந்தே இறங்கிரும். எந்த அடுக்கு எந்தக் காலத்துதுன்னு பாக்க ஈயம்-210 இருக்கு, இயற்கையாவே விழுற கதிர்வீச்சு ஈயம், ஏறக்குறைய 22 வருஷத்துல பாதியாகும், அத வச்சு நூறு நூத்தம்பது வருஷம் பின்னால போகலாம். (அணுகுண்டு சோதனையால வந்த சீசியம்-137 1963 பக்கம் உச்சத்துல இருக்கும், அதையும் பாப்பாங்க, ஆனா பூமத்திய ரேகை பக்கம் அது குறைவாத்தான் விழுந்துச்சு.) சுவீடன் ஏரிகள்ல ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின ரோமர் காலத்து ஈயத்தையே இப்படி அடிச்சேத்த அடுக்கு அடுக்கா பாத்துத்தான் கண்டுபிடிச்சாங்க.

கண்டி வாவி 1807ல கட்டினது, கோப்பித் தோட்டமே வராத காலம். கிரகரி வாவி 1873, கோப்பி நோயில விழுந்து தேயிலை எழும்புற நேரம். ஈயம் கலந்த பெற்றோல நம்ம நாட்டுல 2002லதான் நிப்பாட்டினாங்க, அப்ப வாவிய சுத்தி ஓடின பஸ்ஸு, லொறியோட புகையெல்லாம் அதுக்குக் கீழ உள்ள அடுக்குல இருந்தே ஆகணும்.

எனக்கு நெஞ்சுல நிக்கிறது செம்புதான். 1946ல தேயிலைக்கு கொப்புள நோய் வந்துச்சு, இளங்கொழுந்துல கொப்புளம் போட்டு கருக வைக்கிற பூஞ்சணம், அதுக்கு செம்பு மருந்துதான் மருந்து. மழைக் காலம் பூரா முதுகுல டாங்கிய கட்டிக்கிட்டு மலை மலையா அடிச்சாங்க நம்ம ஆளுங்க, அடிச்சதுல ஒரு பங்கு மழையில ஓடி ஆத்துல இறங்கி, அறுபதுகள்ல கட்டின காசல்ரீ, மவுசாக்கலை டேமுக்குத்தானே வரணும், வேற எங்க போகும்? மருந்து வாங்கின கணக்கு தோட்டத்து ஆபீஸ்ல இருந்திருக்கும், அடிச்சவங்க கையில ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. பேர் போட்ட செக்ரோல் (தோட்டத்து வேலைப் பதிவேடு) மாதிரி அந்தச் சேறுதான் எது எப்ப எவ்வளவுன்னு வச்சிருக்கு.

உலோகம் மட்டும் இல்ல. சேத்துல இருக்கிற பாக்டீரியாவுக்கு செம்பு விஷம், அதனால செம்ப வெளிய தள்ளுற மரபணு உள்ளதுதான் தாக்குப் பிடிச்சுப் பெருகும். அந்த மரபணு பல நேரம் அன்டிபயோட்டிக்க எதிர்க்கிற மரபணுவோட ஒண்ணாவே ஒட்டிக்கிட்டு ஒரு பாக்டீரியாவுல இருந்து இன்னொண்ணுக்குப் போகுது. ஆஸ்பத்திரி மருந்தே படாத இடத்துலயும் அந்த எதிர்ப்பு வளர முடியும்னா இது சின்ன விஷயமா? செத்ததோட டிஎன்ஏவும் களிமண்ணுல ஒட்டிக்கிட்டு ரொம்ப காலம் இருக்கும், அடியில உயிரோட இருக்கிறதும் அதோட கலந்திருக்கும், பிரிச்சுப் படிக்கிறது லேசு இல்ல, ஆனா படிக்கலாம். 1999ல கண்டி வாவி பச்சையா மைக்ரோசிஸ்டிஸ்ங்கிற நீலப்பச்சைப் பாசி பூத்துக் கெடந்துச்சே, அதுக்கு முன்னாடி அந்தத் தண்ணியில எந்தெந்த நுண்ணுயிர் இருந்துச்சுன்னு கேக்கவும் அந்தச் சேத்தத்தான் கேக்கணும்.

இன்னொண்ணு. காத்து போகாத அடிச்சேத்துல சில பாக்டீரியா சல்பைடு உண்டாக்குது, அது உலோகத்தப் பிடிச்சு கட்டி வச்சிரும். தோண்டி வெயில்ல கொட்டினா காத்துப் பட்டு அந்தக் கட்டு அவிழும், உலோகம் திரும்ப மழைத் தண்ணியில கலக்கும். வாரின சேறு நல்ல உரம்னு கரட், லீக்ஸ் பாத்தியில போடுற ஆளுங்க இருக்காங்க, போடுறதுக்கு முன்னாடி செம்பும் ஈயமும் எவ்வளவுன்னு ஒரு தடவ பாத்துரணும். எடுத்த குழாய்கள குளிர்ல வச்சு எந்த இடம், எத்தனை அடி ஆழம், என்ன தேதின்னு எழுதி ஒட்டிட்டா போதும், பிறகு தாராளமா மெஷின இறக்கட்டும்.