கஷ்டத்துல மட்டும் வர்றவங்க

"கஷ்டம் வந்தா மட்டும் ஜெபம் பண்ண வந்துடுவாங்க"ன்னு சர்ச்லயே சிலர் கிண்டலா பேசுறத கேக்கும்போது எனக்கு சுர்ருன்னு ஏறும். வரட்டுமே, அதுல என்ன தப்பு?

பைபிள்ல 2 நாளாகமம் 33-ம் அதிகாரம் எடுத்து படிச்சு பாருங்க. யூதா நாட்டு ராஜா மனாசே, 55 வருஷம் எருசலேம்ல ஆட்சி பண்ணவன், தேவாலயத்துக்குள்ளயே விக்கிரகத்த கொண்டு போய் வச்சவன், பெத்த பிள்ளைங்களையே தீக்கடக்க பண்ணவன் (அதாவது நெருப்புல பலி குடுத்தவன்), இதுக்கு மேல ஒருத்தன் என்னதான் பண்ணணும்? அசீரியாக்காரன் வந்து வெண்கல சங்கிலி போட்டு பாபிலோனுக்கு இழுத்துட்டு போனப்புறம் தான் மனுஷனுக்கு கர்த்தர் ஞாபகமே வருது, அங்க கெடந்து கெஞ்சுறான். "இப்ப தான் வழி தெரிஞ்சுதா"ன்னு கர்த்தர் கேக்கல, ஜெபத்த கேட்டு திரும்ப எருசலேமுக்கே கொண்டு வந்து விட்டார்.

ரொம்ப நாள் ஜெபம் விட்டுப்போனவங்களுக்கு என்ன சொல்லி ஆரம்பிக்கறதுன்னே தெரியாது, வாயே வராது. பைபிள்ல இருக்கற ஜெபப் பாட்டுங்கள்ல சங்கீதம் 13 எடுங்க, மொத்தமே 6 வசனம், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?"னு சண்டை போட்டுத்தான் தாவீது ஆரம்பிக்கிறார். 88-வது சங்கீதம் முடியற எடத்துல கூட ஒரு ஆறுதல் கிடையாது, அதுவும் ஜெபம் தான். பிள்ளை இல்லாம அழுது ஜெபம் பண்ண அன்னாளுக்கு (1 சாமுவேல் 1) சத்தமே வரல, உதடு மட்டும் அசைஞ்சுது, ஆசாரியன் ஏலி அவங்க குடிச்சிருக்காங்கன்னு நெனச்சிட்டாரு (ஊழியக்காரங்களே தப்பா புரிஞ்சுக்கறது அப்பவே இருந்திருக்கு 😅).

கடன், வியாதி, வேலை போச்சுன்னு யாராவது திரும்பி வந்தா இவ்ளோ நாள் எங்க இருந்தீங்கன்னு மட்டும் கேக்காதீங்க ப்ளீஸ், கொஞ்சம் நகந்து உக்காந்து எடம் குடுங்க.