எது இன்னும் வேலை செய்கிறது?

ஒரு பட்டமளிப்பு விழா. பெயர் வாசிக்கப்பட, ஒருவர் பின் ஒருவராக மேடையேறிச் சான்றிதழை வாங்கிக்கொண்டு, அரை விநாடி என் பக்கம் திரும்பிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த அரை விநாடிதான் என் வேலை. இருநூறு பேர் வரை எடுத்திருப்பேன். அடுத்த பெண் திரும்பியபோது ஷட்டரை அழுத்தினேன். வழக்கமான சத்தத்தில் பாதிதான் வந்தது. கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் இருண்டது. மறுபடி அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை.

அவள் காத்திருந்தாள். பின்னால் வரிசை காத்திருந்தது. கை என்னென்னவோ செய்தது: சுவிட்சை அணைத்துப் போட்டேன், லென்ஸைக் கழற்றி மாட்டினேன், பேட்டரிக் கதவைத் திறந்து பேட்டரியை உருவினேன். புது பேட்டரி போட்டதும் கேமரா எழுந்துகொண்டது. ஆனால் திரையில் ஒரு வாசகம்: கார்டைப் படிக்க முடியவில்லை, ஃபார்மட் செய்யவா? கட்டைவிரல் 'ஆம்' பொத்தானுக்கு மேலே நின்றது. அதை அழுத்தாமல் கார்டை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு வேறு கார்டில் தொடர்ந்தேன். அன்று நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

மாலையில் எங்கள் உபகரண அறையைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்தவரிடம் போனேன். பழுது பார்ப்பதில் அவர் கை தேர்ந்தவர். நான் மூச்சு விடாமல் ஒப்பித்தேன்: ஷட்டர் போச்சு, மிர்ரர் போச்சு, கார்டும் போச்சு.

"போனதைச் சொல்லாதப்பா. அது நின்னப்போ என்னென்ன வேலை செஞ்சுக்கிட்டு இருந்துச்சு, அதைச் சொல்லு."

யோசித்தேன். "பின்னாடி சிவப்பு லைட் மட்டும் மினுக்கிக்கிட்டு இருந்துச்சுண்ணா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்போ அது சாகல. நீ எடுத்த படத்தைக் கார்டுல எழுதிக்கிட்டு இருந்துச்சு. நீ பேட்டரியைப் பிடுங்கிட்டே."

இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது. நாம் வேகமாக எடுக்கும் படங்கள் நேராகக் கார்டுக்குப் போவதில்லை. முதலில் கேமராவின் தற்காலிக நினைவகத்தில் சேர்கின்றன, அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கார்டில் ஏறுகின்றன. அந்தச் சிவப்பு விளக்கு மினுக்கும்போது மின்சாரத்தை நிறுத்தினால் ஏறாத படங்கள் அப்படியே அழிந்துபோகும். கார்டின் பொருளடக்கம் போன்ற பகுதி அப்போது பாதி எழுதப்பட்டிருந்தால், ஏற்கெனவே ஏறியவையும் காணாமல் போனதுபோல் தெரியும். ஆனால் அவை உள்ளேதான் இருக்கும். ஜேபெக் வகைப் படக் கோப்பு எதுவானாலும் ஒரே தொடக்கக் குறியோடுதான் ஆரம்பிக்கும். ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்கள் பொருளடக்கத்தைப் பார்க்காமல், அந்தக் குறியைத் தேடிக் கார்டை முதலிலிருந்து கடைசிவரை துழாவுகின்றன. இரவு முழுக்க உட்கார்ந்து அப்படித்தான் மீட்டோம். பழைய கோப்புப் பெயர்கள் போய்விட்டன. இரண்டு படங்கள் பாதி முகத்தோடு நின்றன, கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். மூன்று பேரின் படம் வரவே இல்லை. மறுநாள் அவர்களிடம் நானே பேசி நடந்ததைச் சொன்னேன். எந்த நிறுவனத்தின் கேமரா, யார் செய்த பேட்டரி என்றெல்லாம் அவர்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அதற்கடுத்த வருடம் நானும் அந்த உபகரண அறைக்கு மாறினேன். விரும்பித்தான் போனேன்.

அன்று கேமரா நின்றதற்குக் காரணம் பேட்டரிதான். திரையில் பாதிக்கு மேல் சார்ஜ் இருப்பதாகக் காட்டிக்கொண்டே அது கைவிட்டது. இதைப் பலர் நம்புவதில்லை. டிஎஸ்எல்ஆர் கேமராக்களின், அதாவது காட்சியை வ்யூஃபைண்டருக்குத் திருப்பும் மிர்ரர் உள்ளே இருக்கும் கேமராக்களின், லித்தியம் அயனி பேட்டரி பெரும்பாலும் இரண்டு செல்கள் சேர்ந்தது, 7.2 வோல்ட் அளவில் இருக்கும். கேமரா சும்மா இருக்கும்போது இழுக்கும் மின்சாரம் சொற்பம். ஷட்டரை அழுத்திய கணத்தில் ஃபோகஸ் மோட்டார், மிர்ரர், ஷட்டர், செயலி எல்லாமே ஒன்றாகக் கேட்கும். வயதான பேட்டரிக்குள் தடை கூடியிருக்கும். அந்த ஒரே கணத்தில் வோல்ட் சரிந்து, மிர்ரர் மேலே போன இடத்தில் நின்றுவிடும். ஐந்து நிமிடம் விட்டால் வோல்ட் மீண்டு, கேமரா ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்துகொள்ளும். 'தானா சரியாயிடுச்சு' என்று திருப்பிக் கொண்டுவரப்படும் கேமராக்களை நான் ஒருநாளும் அப்படியே அலமாரியில் வைப்பதில்லை. முதலில் பேட்டரியை எடுத்துத் தனியே வைப்பேன். குளிரில் இந்தச் சரிவு இன்னும் சீக்கிரம் வரும் என்பதால், குளிர் இடத்துக்குப் போகிறவர்களிடம் மாற்று பேட்டரியை உடம்போடு ஒட்டிய பையில் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

மூத்தவரின் கேள்வியை நான் ஒருபோதும் விட்டதில்லை. எது வேலை செய்யவில்லை என்று கேட்டால் வருகிறவர் பதற்றத்தோடு எல்லாவற்றையும் அடுக்குவார். எது இன்னும் வேலை செய்கிறது என்று கேட்டால் அவரே நின்று பார்க்க ஆரம்பிப்பார். ஒருமுறை சிறிய பழைய கேமரா ஒன்று வந்தது. படம் எடுத்தால் வெறும் ஊதா நிறக் கோடுகள். ஆனால் லென்ஸ் நீண்டது, மெனு தெளிவாக இருந்தது, கார்டில் இருந்த பழைய படங்கள் பளிச்சென்று தெரிந்தன. அப்படியானால் திரை நன்றாக இருக்கிறது, கார்டு நன்றாக இருக்கிறது, பார்க்கும் கண்தான் கெட்டிருக்கிறது. சென்சாரேதான். அந்தக் காலத்துக் கேமராக்களில் இது தனி ஆள் பிரச்சினையாக இருக்கவில்லை. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து சிசிடி என்ற வகைச் சென்சாருக்குள் இருக்கும் மெல்லிய கம்பி இணைப்புகள் விட்டுப்போவது தெரியவந்து, 2005 அக்டோபரில் பல தயாரிப்பாளர்கள் வரிசையாக இலவசமாகப் பழுது நீக்கித் தருவதாக அறிவித்தார்கள்.

வேறொரு நாள் உயிரே இல்லாத ஒரு கேமரா. மூன்று பேட்டரி மாற்றியும் மேல்திரை கூட விழிக்கவில்லை. அதில் எதுவுமே வேலை செய்யவில்லை என்பதே எனக்கு ஒரு தடயமாகப் பட்டது. உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு கார்டுக் கதவின் உள்விளிம்பைப் பார்த்தேன். அரிசிமணியை விடச் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் மூக்கு அங்கே இருக்க வேண்டும். கதவை மூடும்போது அதுதான் உள்ளே இருக்கும் ஒரு நுண் சுவிட்சை அழுத்தும். அந்த மூக்கு உடைந்து, வெளுத்த தழும்பு மட்டும் மிச்சம் இருந்தது. கதவு திறந்தே இருப்பதாக நினைத்துக்கொண்டு கேமரா எழ மறுத்திருக்கிறது. ஒரு மரக்குச்சியின் முனையால் அந்தச் சுவிட்சை மெல்ல அழுத்தினேன். திரையில் எண்கள் வந்தன.

ஆனாலும் கதவோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. உள்ளே ஃபிளாஷ் உள்ள கேமராவை வீட்டில் யாரும் திருகு கழற்றித் திறக்க வேண்டாம் என்பதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஃபிளாஷுக்காக மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்குத் தேங்கியிருக்கும். பேட்டரியை எடுத்த பிறகும் அது இருக்கும். லென்ஸின் தங்க முலாம் பூசிய தொடுமுனைகளைப் பென்சில் அழிப்பானால் தேய்க்கும் பழக்கமும் எனக்கு ஒப்பாது. அன்றைக்குச் சரியாகும், ஆனால் தேய்க்கத் தேய்க்க முலாம் போய்விடும். பிசிறில்லாத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு தொட்டுத் துடைத்தால் போதும்.

போன வருடம் எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் நிகழ்ச்சி நடக்கும் இடத்திலிருந்து கூப்பிட்டாள். குரல் உடைந்திருந்தது.

"அண்ணா, கேமரா போயிடுச்சுண்ணா. ஒவ்வொரு படத்துக்கும் எரர் வருது. பேட்டரி மாத்திட்டேன்."

"சிவப்பு லைட் எரியுதா?"

"இல்லண்ணா. அணைஞ்சப்புறம்தான் மாத்தினேன்."

பாதி பாரம் இறங்கியது. "சரிம்மா. இப்போ எது வேலை செய்யுது, சொல்லு."

ஃபோகஸ் ஆகிறது, வ்யூஃபைண்டரில் எண்கள் தெரிகின்றன, ஷட்டர் சத்தம் வருகிறது, அதற்குப் பிறகுதான் எரர் என்றாள். அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் ஒளித்துளை, எவ்வளவு என்று கேட்டேன். எஃப் 8. அதை அந்த லென்ஸின் முழுத் திறப்பான எஃப் 2.8க்குத் திறந்து ஒன்று எடுக்கச் சொன்னேன். ஷட்டர் சத்தம் ஃபோனிலேயே கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு அவள் மூச்சு விடுவது கேட்டது.

டிஎஸ்எல்ஆரில் நாம் எந்த அப்பர்ச்சரைத் தேர்ந்தாலும், ஷட்டரை அழுத்தும் வரை லென்ஸ் முழுதாகத் திறந்தே இருக்கும். அழுத்திய கணத்தில்தான் உள்ளிருக்கும் இதழ்கள் சுருங்கும். முழுத் திறப்பிலேயே எடுத்தால் இதழ்கள் அசைய வேண்டியதே இல்லை. அங்கே எரர் வராமல் எஃப் 8இல் மட்டும் வந்தால், கேமராவைச் சந்தேகிப்பதை விட்டுவிட்டு லென்ஸுக்குள் இதழ்களை இயக்கும் பகுதியைப் பார்க்க வேண்டும்.

"இன்னைக்கு முழுக்க 2.8லயே எடும்மா. குரூப் படத்துக்கு மட்டும் நல்லா பின்னாடி தள்ளி நில்லு, எல்லாரையும் ஒரே வரிசையில நிறுத்து. இல்லேன்னா பின்னால நிக்கிறவங்க மங்கிடுவாங்க."

"ரெண்டு வரிசையா நிக்கிறாங்கண்ணா."

"ஒரே வரிசையாக்கச் சொல்லு. கேட்பாங்க."

மறுநாள் அந்த லென்ஸ் பழுதுபார்க்கும் இடத்துக்குப் போனது. அவர்கள் பிரித்துக் காட்டியபோது பார்த்தேன்: ஜூம் செய்யும்போதெல்லாம் மடங்கி விரியும் மெல்லிய கேபிள், மடிப்பு விழும் இடத்தில் முடியளவு விரிசல். அவளும் கூட வந்திருந்தாள். உருப்பெருக்கியை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு பையிலிருந்து முந்தைய நாள் கார்டை எடுத்து என்னிடம் கொடுத்தாள். கார்டில் எழுதுவதைத் தடுக்கும் சின்னப் பூட்டை ஏற்கெனவே கீழே தள்ளி வைத்திருந்தாள்.