விசுவமடுக் கணினியின் திக்கல்: ஒரு பழுதுபார்ப்பு நாட்குறிப்பு

2025 யூலை 7, திங்கள். கிளிநொச்சி

விசுவமடுவிலிருந்து ஒரு தம்பி தன் கணினியை ஓட்டோவில் ஏற்றி, கரடிப்போக்கில் உள்ள எனது கடைக்குக் கொண்டுவந்தான். கலியாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பது அவனது தொழில். இரவில் கேம் விளையாடுவான். உள்ளே ரைசன் 7 5800எக்ஸ் செயலி, 8 ஜி.பி. நினைவகம் கொண்ட ஆர்.ரி.எக்ஸ். 3070 கிராபிக்ஸ் கார்ட், 32 ஜி.பி. ராம், 144 ஹேர்ட்ஸ் திரை. எந்தக் கேமையும் தாராளமாக ஓட்டக்கூடிய இயந்திரந்தான். ஆனாலும் படம் இடையிடையே திக்கித் திக்கி ஓடுகிறது என்றும், சில வேளைகளில் முழுவதுமாக நின்று பிறகு மீள்கிறது என்றும் அவன் முறையிட்டான்.

"எஃப்.பி.எஸ். நூற்றி நாப்பது காட்டுது அக்கா. ஆனா கண்ணுக்கு முன்னாலை ஸ்ரக் ஆகுது."

இன்ரநெற்றினால் வரும் தாமதமா என்பதைத்தான் முதலில் கேட்டேன். இணைய இணைப்பு தடுமாறினால் எதிராளி ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவித் தெரிவான். சுட்டது பிந்திப் படும். ஆனால் நாம் தலையைத் திருப்பும்போது காட்சி வழுவழுப்பாகவே திரும்பும். இவனுக்கோ இணைய டொங்கிளைக் கழற்றிவிட்டுத் தனியாக விளையாடும் கேமிலும் திக்குகிறது. ஆகவே கோளாறு கணினிக்குள்ளேயே இருக்கிறது.

யூரியூப்பில் பார்த்தவற்றையெல்லாம் அவன் ஏற்கனவே செய்து முடித்திருந்தான். விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ரியில் பல மாற்றங்கள், எச்.பி.ஈ.ரி. என்ற வன்பொருள் கடிகாரத்தையே பயன்படுத்தும்படி விண்டோஸைக் கட்டாயப்படுத்தும் ஒரு கட்டளை, 'கேம் பூஸ்டர்' என்ற பெயரில் இரண்டு மென்பொருள்கள். எதையும் அளக்காமல் பத்து இடங்களில் கைவைத்தால், எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பினேன். இன்றைய வேலை அதோடு சரி.

2025 யூலை 8, செவ்வாய்

எஃப்.பி.எஸ். என்பது ஒரு விநாடிக்குள் எத்தனை படங்கள் வந்தன என்ற எண்ணிக்கை மட்டுமே. அவை எந்த இடைவெளியில் வந்தன என்பதை அது சொல்லாது. 99 படங்கள் தலா 5 மில்லிவிநாடியில் வந்து, நூறாவது படம் மட்டும் 505 மில்லிவிநாடி எடுத்துக்கொண்டாலும், திரையின் மூலையில் 100 என்றே காட்டும். பார்ப்பவனுக்கோ அரை விநாடி படம் உறைந்து நின்றிருக்கும். 2011 இல் ஸ்கொட் வாசன் என்பவர் 'தி ரெக் ரிப்போர்ட்' தளத்தில் ஒவ்வொரு படத்துக்கும் ஆன நேரத்தைத் தனித்தனியே அளந்து வெளியிட்ட பிறகுதான், கிராபிக்ஸ் கார்ட்களை மதிப்பிடுவோர் சராசரியை விட்டு இந்தக் கணக்குக்கு வந்தார்கள். நமது பகுதிக் கடைகளில் இன்னமும் சராசரி எண்ணைக் காட்டித்தான் விற்கிறார்கள், வாங்குகிறார்கள்.

144 ஹேர்ட்ஸ் திரையில் ஒரு படத்துக்குக் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ 6.9 மில்லிவிநாடி. கப்ஃபிரேம்எக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, ஒரே கேமின் ஒரே பாதையில் ஓடவிட்டு, ஒவ்வொரு படத்தின் நேரத்தையும் வரைபடமாக எடுத்தேன். கோடு பெரும்பாலும் 7 இன் அருகே கிடந்தது. அதன்மேல் இரண்டு விதமான முட்கள் எழுந்து நின்றன. ஒன்று, சம இடைவெளியில் வரும் சிறிய முள். மற்றொன்று, ஒரு புதிய இடத்துக்குள் நுழையும்போதோ, முதன்முறையாக ஒரு வெடிப்பைக் காணும்போதோ கொத்தாக வரும், அறுபது எழுபது மில்லிவிநாடி உயர முள். அவன் சொன்ன முழு நிறுத்தம் இன்று முழுவதும் வரவில்லை.

பெட்டியைத் திறந்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. இரண்டு ராம் பட்டைகளும் செயலிக்கு அருகிலுள்ள முதல் இரண்டு துளைகளில் அடுத்தடுத்துச் செருகப்பட்டிருந்தன. நான்கு துளை கொண்ட பெரும்பாலான மதர்போட்களில் அப்படிச் செருகினால் இரண்டும் செயலிக்குப் போகும் ஒரே தடத்தில் அமர்ந்துவிடும். இரண்டாம், நான்காம் துளைகளில் இருந்தால்தான் இரண்டு தடமும் இயங்கும். 3200 வேகத்துக்கு வாங்கிய ராம் 2133 இல் ஓடிக்கொண்டிருந்தது, ஏனெனில் மதர்போட்டின் அடிப்படை மென்பொருளான பயோஸில், ராமை அதற்குரிய வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்.எம்.பி. அமைப்பு திறக்கப்படவில்லை. இரண்டையும் சரிசெய்ததும் கோடு சற்றுத் தாழ்ந்து சீரானது. முட்கள் அப்படியே நின்றன.

2025 யூலை 9, புதன்

சோளகக் காற்று செம்மண் தூசியை அள்ளிக்கொண்டு கடைக்குள் வருகிறது. தகரக் கூரையின் கீழ் நண்பகலில் சோதித்தேன். இந்தச் செயலியின் வெப்ப எல்லை 90 பாகை. விசிறி முழுவதும் புழுதி படிந்திருந்ததால் அது 88 வரை போனது. துடைத்தபின் 79.

ஆயினும் சூடு காரணமன்று என்பது வரைபடத்திலேயே தெரிந்தது. சூட்டினால் வேகம் குறையும் கணினியின் கோடு மெல்ல மேலேறி அங்கேயே தங்கும். திடீரென்று ஒரு முள்ளாக எழுந்து, அடுத்த படத்திலேயே பழைய இடத்துக்கு வராது.

2025 யூலை 11, வெள்ளி

சம இடைவெளியில் வருவதைக் கண்டால், ஏதோ ஒரு நிரல் கடிகாரம் வைத்துக்கொண்டு வேலை செய்கிறது என்று கொள்ளலாம். கேமுக்குள் நடப்பவை அப்படி ஒழுங்காக வருவதில்லை. பின்னணியில் ஓடுபவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்ததில், விசிறிகளின் வண்ண விளக்குகளை ஆளும் மென்பொருளை மூடியதும் சிறிய முட்கள் மறைந்தன. அது குறித்த நேரத்துக்கொரு முறை மதர்போட்டின் உணரிகளைக் கேட்டுக்கொண்டிருந்தது. விளக்குகளை ஒரே நிறத்தில் நிறுத்திவிட்டு மென்பொருளை நீக்கினேன். தம்பிக்கு அதில் கொஞ்சம் வருத்தந்தான்.

கொத்தாக வருபவை வேறு. அதே பாதையில் இரண்டாம் முறை ஓடியபோது அவற்றுள் பெரும்பாலானவை இல்லை. மூன்றாம் முறை ஒன்றுமில்லை. அப்படியானால் அவை ஷேடர் தொகுப்பினால் வருபவை. ஒளி, நிழல், புகை, நீர் ஆகியவற்றை வரைவதற்கான சிறு நிரல்கள்தாம் ஷேடர்கள். அவற்றைக் கிராபிக்ஸ் கார்டுக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றுவதே தொகுப்பு. பிளேஸ்டேசன் போன்ற கருவிகளில் வன்பொருள் எல்லோருக்கும் ஒன்றே என்பதால் அவற்றை முன்கூட்டியே தொகுத்து அனுப்பிவிடுகிறார்கள். கணினியில் ஆளுக்கு ஆள் கார்ட் வேறு, அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் வேறு. எனவே தொகுப்பு விளையாடுபவனின் கணினியிலேயே நடக்க வேண்டியிருக்கிறது. கேம் கிராபிக்ஸ் கார்டுடன் பேசும் வழியான டைரக்ட்எக்ஸின் 12 ஆம் பதிப்பு, 2015 இல் விண்டோஸ் 10 உடன் வந்தது, இந்தப் பொறுப்பின் பெரும்பகுதியைக் கேமை எழுதுவோரிடம் கொடுத்தது. அதை முன்னேற்பாடாகச் செய்யாத கேம், தேவைப்படும் கணத்தில் தொகுக்கத் தொடங்கும். அது முடியும்வரை அடுத்த படம் காத்திருக்கும். எவ்வளவு விலையுயர்ந்த கணினியாக இருந்தாலும் இந்தத் திக்கல் குறையுமேயன்றி ஒழியாது.

செய்யக்கூடியவை இரண்டே. தொடக்கத்தில் 'ஷேடர் தொகுக்கப்படுகிறது' என்று கேம் காட்டினால், பொறுமையிழந்து தாண்டிப் போகாமல் முடியவிடுவது. தொகுத்தவற்றைச் சேமிக்கும் இடத்தின் அளவை டிரைவர் அமைப்பில் கூட்டிவைப்பது. இரண்டாவதை நான் செய்தேன்; முதலாவது அவன் கையில்.

கடையில் வைத்துப் பார்த்த நாள்களில் முழு நிறுத்தம் ஒருமுறைகூட வரவில்லை. மாலையில் கணினியை எடுத்துச் சென்றான். இரவு பத்து மணிக்கு அழைப்பு: "அக்கா, சின்னச் சின்னத் திக்கல் போட்டுது. ஆனா அந்தப் பெரிசு திரும்பியும் வந்திட்டுது."

2025 யூலை 13, ஞாயிறு. விசுவமடு

கடையில் வராத நோய் வீட்டில் வருகிறதென்றால், கணினியைக் கொண்டுவந்தபோது வீட்டில் விட்டுவந்தது எதுவோ அதில்தான் காரணம் இருக்க வேண்டும். பரந்தனில் திரும்பி, தருமபுரத்தைக் கடந்து, காலையிலேயே போய்ச் சேர்ந்தேன்.

தேநீருடன் வந்த அவனது தாய் சொன்ன காரணம் மின்சாரம். "பிள்ளை, பின்னேரத்திலை கரண்ட் குறைவாத்தான் வருது. லைற்றும் மங்கி எரியுது. அதாலையோ?" அதை அலட்சியப்படுத்தக்கூடாது. மல்டிமீற்றரை வைத்துப் பார்த்தேன். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 209 வந்தது. ஆனால் இந்தக் கணினியின் பவர் சப்ளை 100 முதல் 240 வரை ஏற்பது. மின்னழுத்தம் அதன் தாங்கும் எல்லைக்குக் கீழே விழுந்தால் கணினி அணையும், அல்லது மறுபடி தொடங்கும். நாலைந்து விநாடி படத்தை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல் அது தொடராது.

தம்பி தானாக ஒரு வாக்கியம் சொன்னான்: "படம் நிண்டாலும் பாட்டுக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்." பின்னணியில் அவன் ஓடவிடும் பாட்டைச் சொன்னான். கடையில் பார்த்த வரைபடங்கள் எதைக் காட்டிலும் எனக்கு இது உதவியது. இயங்குதளத்தின் அடியில் ஏதாவது டிரைவர் செயலியைப் பிடித்துவைத்தால் ஒலியும் சேர்ந்து கரகரக்கும், அல்லது அறுபடும். ரைசன் கணினிகளில் எஃப்.ரி.பி.எம். என்ற பாதுகாப்பு வசதி காரணமாக இடையிடையே திக்கல் வருவதை ஏ.எம்.டி. நிறுவனம் 2022 மார்ச்சில் வெளிப்படையாக அறிவித்து, மதர்போட் பயோஸ் புதுப்பிப்புகள் வழியாகத் தீர்வும் கொடுத்தது. அந்தத் திக்கலிலும் ஒலி சிதறும் என்பதே பலரது அனுபவம். இவனது பயோஸ் 2023 ஆம் ஆண்டுப் பதிப்பு. ஆகவே அந்தச் சந்தேகம் இரண்டு வழியாலும் நீங்கியது. டிரைவர்களால் வரும் தாமதத்தை அளக்கும் லேட்டன்சிமொன் மென்பொருளும் டிரைவர்களில் குறை காட்டவில்லை. முழுக் கணினியும் நிற்கவில்லை. கேம் மட்டும் எதற்கோ காத்துக்கொண்டு நிற்கிறது.

எதற்கு? மேசைக்குப் பின்னால் யூ.எஸ்.பி. வயரில் ஒரு ஹாட் டிஸ்க் தொங்கிக்கொண்டிருந்தது. கலியாண வீடியோக்கள் எல்லாம் அதில்தான். கடைக்கு அது வரவேயில்லை.

ஊகத்தின்மேல் முடிவு சொல்வது எனக்குப் பழக்கமில்லை. மைக்ரோசொஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பிலுள்ள ஒவ்வொரு நிரலும் எந்தக் கோப்பைத் தொடுகிறது என்று பதியும் புரோசஸ் மொனிட்டரைத் திறந்து, அந்தக் கேமின் கோப்புச் செயல்களை மட்டும் வடிகட்டி, ஒவ்வொரு செயலும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் காட்டும் நெடுவரிசையையும் சேர்த்தேன். பிறகு விளையாடச் சொன்னேன். ஒன்றும் வரவில்லை. எப்போது கூடுதலாக வரும் என்று கேட்டதற்கு, "அம்மா சாப்பிடக் கூப்பிட்டு, போட்டு வந்து இருந்தா உடனை வரும்" என்றான். கேமை இடைநிறுத்திவிட்டு அரை மணி நேரம் முற்றத்தில் இருந்தோம். திரும்பி வந்து தொடர்ந்ததும், முதலாவது தானியங்கிச் சேமிப்பில் படம் நின்றது, டிஸ்க் உள்ளே சுழலத் தொடங்கும் மெல்லிய இரைச்சல் கேட்டது, படம் ஓடியது. பதிவில், மில்லிவிநாடியின் சிறு பின்னங்களில் முடிந்த ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே ஒரேயொரு வரி 4 விநாடிக்கு மேல் எடுத்திருந்தது. கோப்பின் பாதை அந்த யூ.எஸ்.பி. டிஸ்கைக் காட்டியது.

கணினிக்குள் இருக்கும் சேமிப்பகமான எஸ்.எஸ்.டி. வீடியோ வேலைகளால் நிரம்பியபோது, இடம் மீதப்படுத்துவதற்காக 'டொகுமென்ட்ஸ்' கோப்புறை முழுவதையும் வெளி டிஸ்குக்கு நகர்த்தியிருந்தான். பல கேம்கள் தம் சேமிப்புகளை அந்தக் கோப்புறைக்குள்தான் எழுதுகின்றன. சில நேரம் தொடப்படாத ஹாட் டிஸ்க் சுழற்சியை நிறுத்தித் தூங்கிவிடும். விண்டோஸின் வழக்கமான அமைப்பில் அந்த நேரம் 20 நிமிடம். தூங்கிய டிஸ்க் மீண்டும் முழு வேகத்துக்குச் சுழன்று வரச் சில விநாடிகள் வேண்டும். நன்றாக எழுதப்பட்ட கேம் சேமிப்பைப் படம் வரைவதிலிருந்து பிரித்து, தனி இழையில் செய்யும். இந்தக் கேம் படத்தையும் சேர்த்து நிறுத்திக்கொண்டது. அடிக்கடி சேமிப்பு நடக்கும் பகுதிகளில் டிஸ்க் தூங்குவதே இல்லை என்பதால் அங்கு எதுவும் வராது. இதனால்தான் ஒழுங்கே இல்லாமல் வந்து போனது.

2025 யூலை 14, திங்கள்

நேற்றுச் செய்ததை இங்கே குறித்துவைக்கிறேன். 'ஹாட் டிஸ்கை ஒருபோதும் நிறுத்தாதே' என்று விண்டோஸில் மாற்றிப் பார்த்தோம், மறுபடியும் நின்றது. சில யூ.எஸ்.பி. டிஸ்க்குகளின் உறைக்குள் இருக்கும் சுற்றே தன் சொந்த நேரக் கணக்கில் சுழற்சியை நிறுத்திவிடும். விண்டோஸ் சொல்வதை அது பொருட்படுத்தாது. எனவே முடிந்த வீடியோத் தொகுப்பு வேலைகளை வெளி டிஸ்குக்கு மாற்றி, எஸ்.எஸ்.டி.யில் இடம் உண்டாக்கி, 'டொகுமென்ட்ஸ்' பண்புகளில் உள்ள இடப் பகுதியின் வழியாக அந்தக் கோப்புறையை உள்ளே திரும்பக் கொண்டுவந்தோம். அதே அரை மணி நேரக் காத்திருப்பைத் திரும்பச் செய்தபோது படம் நிற்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிட்டு வந்தேன்: ஊராரின் கலியாணங்கள் எல்லாம் ஒரேயொரு டிஸ்கில் கிடக்கின்றன, கேம் நின்றதைவிட அது பெரிய ஆபத்து. இன்னொரு டிஸ்க் வாங்குவதாகச் சொல்லியிருக்கிறான்.

2025 யூலை 26, சனி

தம்பி அழைத்தான். பெரிய நிறுத்தம் அதன்பின் வரவில்லையாம். ஆனால் நேற்றுக் கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்ததும் சிறு திக்கல்கள் திரும்பிவிட்டன என்று பதறினான். டிரைவர் மாறினால் பழைய ஷேடர் தொகுப்புகள் செல்லாது. அவை மறுபடியும் தொகுக்கப்பட வேண்டும். இன்று அதே இடங்களில் இன்னொரு முறை ஓடிப் பார்க்கச் சொன்னேன். பின்னேரம் செய்தி அனுப்பியிருந்தான்: இல்லையாம்.